கால்பந்தாட்டப் பேராசான்

வெற்றி பெற்றவரை உலகம் போற்றும். அவரை வெற்றிக்கு உரியவராக ஆக்கியவரை எளிதில் மறந்துவிடும். கோபுரத்தின் உச்சியில் ஒளிரும் கலசத்தைக் கண்டு வியப்போர் பலர். மண்ணுள் மறைந்து நின்று அக்கோபுரத்தைத் தாங்கும் அடிக்கல்லை நினைப்போர் மிகச் சிலரே. விளையாட்டுத் துறையிலும் இவ்வுண்மையைக் காணலாம். பந்தை உதைத்துக் கோல் அடித்தவரின் பெயரை நாடெங்கும் உள்ள சிறுவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். அவ்வாறு உதைப்பதற்கு அவருக்குக் கற்றுத் தந்தவர் யாவர் என்று வினவினால் விடை கூறுவார் அரியர்.

நல்லாசிரியனுக்கு நிலத்தையும், மலையையும், துலாக்கோலையும், பூவையும் உவமையாகக் கூறும் நன்னூல். பொறுமையில் நிலமாகவும், அசையாத உறுதியில் மலையாகவும், நடுவுநிலைமையில் துலாக்கோலாகவும், அனைவரும் விரும்பும் இனிமையில் பூவாகவும் ஆசிரியன் விளங்குதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விலக்கணம் ஏட்டுக் கல்வி புகட்டும் ஆசிரியர்க்கு மட்டும் உரியது அன்று. ஆடுகளத்தில் கலை பயிற்றும் ஆசிரியர்க்கும் உரியதே. இதற்குச் சான்றாக வாழ்ந்தவர் ஐதராபாத் நகரத்துச் சையது அப்துல் இரகீம் ஆவார். இந்தியக் கால்பந்தாட்டம் ஆசியாவிலேயே தலைசிறந்து விளங்கிய காலம் ஒன்று உண்டு. அக்காலத்தை உருவாக்கிய பெருமை இவருக்கே உரியது.

இளமையும் கல்வியும்

இரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அந்நகரம் நிசாம் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அங்கு 1918ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உசுமானியாப் பல்கலைக்கழகம் உருது மொழி வாயிலாகவே உயர்கல்வியைப் புகட்டிப் புகழ் பெற்றது. இரகீம் அப்பல்கலைக்கழகத்தில் பயின்று கலைப் பட்டம் பெற்றார்.

கல்வியில் நாட்டம் கொண்டிருந்தது போலவே அவர் கால்பந்தாட்டத்திலும் பெருவிருப்பம் கொண்டிருந்தார். பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றுத் திறம்பட ஆடினார். உள்ளூர்க் கழகங்களின் சார்பாகவும் ஆடினார். ஆயினும், ஆட்டக்காரர் என்ற முறையில் அவர் அடைந்த புகழ் தம் நகர எல்லையைப் பெரிதும் கடந்து செல்லவில்லை. காலால் ஆடுவதைக் காட்டிலும் கருத்தால் ஆடுவதிலேயே அவர் மிக வல்லவர். ஓர் ஆட்டத்தைக் காணும்பொழுது பந்து செல்லும் இடத்தை மட்டும் பாராது, பந்து இல்லாத இடத்தில் ஆட்டக்காரர் என்ன செய்கின்றனர் என்பதையும் கூர்ந்து நோக்குவார். அப்பார்வையே பின்னாளில் அவரை ஒப்பற்ற பயிற்றுநராக்கியது.

பள்ளி ஆசிரியர்

பட்டம் பெற்ற இரகீம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலியவற்றில் அவர் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். வகுப்பறையில் பாடம் சொல்லும் முறையையே அவர் ஆடுகளத்திலும் கையாண்டார். எழுத்தறியாச் சிறுவனுக்கு முதலில் அரிச்சுவடியைக் கற்பித்து, பிறகு சொல்லையும் சொற்றொடரையும் கற்பிப்பது போல, பந்தைத் தடுத்து நிறுத்துதல், தோழனுக்குத் தள்ளிவிடுதல், தள்ளிவிட்டபின் புதிய இடத்திற்கு ஓடுதல் என்று படிப்படியாகப் பயிற்சி அளித்தார்.

1940க்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் ஐதராபாத்துக் கால்பந்தாட்டக் கழகத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். இறுதிவரை அப்பொறுப்பைக் கைவிடவில்லை. போட்டிகளுக்கு நாள் குறித்தல், கழகங்களை ஒருங்கிணைத்தல், வரவு செலவைக் கவனித்தல், திறமையுள்ள சிறுவர்களைத் தேடிக் கண்டறிதல் ஆகிய பணிகள் யாவும் அவர் தோளில் விழுந்தன.

இளைஞர்களுக்காக அவர் வகுத்த போட்டிகள் புதுமையானவை. சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் மாலை வேளையில் பந்தாடும் சிறுவர்களை நோக்குங்கள். பெரும்பாலோர் வலக்காலால் மட்டுமே பந்தை உதைப்பர். பந்து இடப்பக்கம் வந்தால் தடுமாறுவர். பந்து கிடைத்தவன் அதனைத் தோழனுக்குத் தராமல் தானே நெடுந்தொலைவு கொண்டு செல்ல முயல்வான். இவ்விரு குறைகளும் எல்லா ஊர்களிலும் உள்ளவையே. இவற்றைக் களைவதற்கு இரகீம் ஒரு வழி கண்டார். வலுக்குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைத்தல் வேண்டும் என்னும் விதியுடன் ஒரு போட்டி நடத்தினார். பந்தைத் தனியே உருட்டிச் செல்லாமல் உடனே தோழனுக்குத் தந்துவிடுதல் வேண்டும் என்னும் விதியுடன் மற்றொரு போட்டி நடத்தினார். அறிவுரையால் நீங்காத குறைகள் விளையாட்டாகவே நீங்கின. இதுவன்றோ நல்லாசிரியரின் நுண்மை!

மிதிவண்டி வாடகை

செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில் துளசிதாசு பலராம் என்னும் ஏழை இளைஞர் ஒருவர் இருந்தார். அவருடைய ஆட்டத்தைக் கண்ட இரகீம் ஐதராபாத்து அணியின் பயிற்சிக்கு வருமாறு அவரை அழைத்தார். நாள்தோறும் ஊரிலிருந்து நகரத்திற்கு வந்து செல்ல அவ்விளைஞரிடம் பொருள் இல்லை. தம் வறுமையைக் கூறி அவர் தயங்கினார். ஆசிரியர் அத்தயக்கத்தைக் காரணமாகக் கொண்டு அவரை விட்டுவிடவில்லை. மிதிவண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ள நாள்தோறும் ஒரு ரூபாய் தந்து பயிற்சிக்கு வரச் செய்தார். அன்று அத்தொகை கிடைத்திராவிடின், இந்தியாவின் மிகச் சிறந்த முன்னணி ஆட்டக்காரர் மூவருள் ஒருவரை நாடு அறியாமலே போயிருக்கும். திறமை எங்கும் பிறக்கும். அதனைத் தேடிச் சென்று கைதூக்கிவிடும் கை ஒன்று வேண்டும்.

காவலர் அணி

ஐதராபாத்து நகரக் காவலர் அணிக்கு இரகீம் பயிற்றுநராக அமைந்தார். அந்நாளில் நம் நாட்டின் பெருமைமிக்க கால்பந்தாட்டப் போட்டிகளுள் இரண்டு டூரண்டுக் கோப்பைப் போட்டியும் ரோவர்சுக் கோப்பைப் போட்டியும் ஆகும். முன்னது 1888ஆம் ஆண்டில் சிம்லாவிலும், பின்னது 1891ஆம் ஆண்டில் பம்பாயிலும் தொடங்கப்பெற்றன. ஆங்கிலேயப் படைவீரர்களின் அணிகளே நெடுங்காலம் இவற்றை வென்று வந்தன. நாடு விடுதலை பெற்றபின் கல்கத்தாவின் பெருங்கழகங்கள் மேலோங்கி நின்றன.

இந்நிலையில் ஐதராபாத்துக் காவலர் அணி 1950ஆம் ஆண்டில் ரோவர்சுக் கோப்பையை வென்றது. அதே ஆண்டில் மோகன் பாகான் கழகத்தை வென்று டூரண்டுக் கோப்பையையும் கைப்பற்றியது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்சுக் கோப்பை அவ்வணியிடமே தங்கியது. பெருஞ்செல்வமோ புகழ்மிக்க வரலாறோ இல்லாத ஒரு காவலர் அணி இத்துணைச் சிறப்பை எவ்வாறு எய்தியது? பதினொருவரும் ஒரே உடலின் உறுப்புகள் போல இயங்கியமையே காரணம். தனி ஒருவரின் திறமையை நம்பாது கூட்டு முயற்சியை நம்பும் பாடத்தை இரகீம் அவர்கள் உள்ளத்தில் பதியவைத்திருந்தார்.

தில்லியில் பெற்ற முதல் வெற்றி

1950ஆம் ஆண்டில் இந்திய அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு இரகீமை வந்தடைந்தது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லியில் நடைபெற்றன. கால்பந்தாட்டத்தில் ஆறு நாடுகள் கலந்துகொண்டன. சைலேன் மன்னா என்பவர் இந்திய அணியின் தலைவராக விளங்கினார். இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை எதிர்த்து ஆடியது. சாகு மேவாலால் அடித்த ஒரே கோலினால் இந்தியா வென்று பொற்பதக்கம் பெற்றது. விடுதலை பெற்று நான்கு ஆண்டுகளும் நிறைவுறாத நாட்டிற்கு அவ்வெற்றி பெருமகிழ்ச்சி அளித்தது.

வெறுங்காலும் காலணியும்

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1952ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் தலைநகராகிய எல்சிங்கியில் ஒலிம்பிக்குப் போட்டிகள் நடந்தன. அங்கு யூகோசுலாவியா அணி இந்தியாவைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. இந்தியா அதற்கு முன் இத்தகைய தோல்வியைக் கண்டதில்லை.

இத்தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் தலையாயது காலணி. நம் நாட்டு ஆட்டக்காரர் பலர் காலணி இன்றி வெறுங்காலுடன் ஆடும் வழக்கம் உடையவர். 1911ஆம் ஆண்டில் மோகன் பாகான் கழகம் ஐ. எப். ஏ. கேடயத்தை வென்றபொழுது, அதன் ஆட்டக்காரருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடனேயே ஆடிக் காலணியணிந்த ஆங்கிலேயரை வென்றனர். அந்நினைவு மக்கள் உள்ளத்தில் ஒரு பெருமிதமாக வேரூன்றியிருந்தது. வெறுங்கால் ஆட்டமே நமக்குரிய தனிச்சிறப்பு எனக் கருதினோர் பலர். ஆயினும், நம் வெயிலில் காய்ந்த தரைக்கு ஏற்ற முறை, எல்சிங்கியின் குளிரிலும் ஈரப் புல்தரையிலும் பயன்படவில்லை. வழுக்கும் தரையில் கால் ஊன்றவும் இயலாது நம்மவர் தவித்தனர்.

ஆசானின் பொறுமைக்கு இது ஒரு சோதனையாயிற்று. தோல்விக்குப் பிறரைக் காரணமாக்கிப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தால் எவரும் வியந்திரார். நிலம் தன்னை அகழ்வாரையும் தாங்குவது போல அவர் அத்தோல்வியைத் தாங்கினார். அதிலிருந்து கற்க வேண்டியதைக் கற்றார். எல்சிங்கிப் போட்டிக்குப்பின் அனைத்திந்தியக் கால்பந்தாட்டக் கூட்டமைப்பு, ஆட்டக்காரர் காலணி அணிதல் கட்டாயம் என்று விதித்தது. பழம்பெருமை எவ்வளவு இனியதாயினும், காலத்திற்கு ஒவ்வாதபொழுது அதனைக் கைவிடுதலே அறிவுடைமை.

மெல்போர்னில் எய்திய சிறப்பு

அடுத்த நான்கு ஆண்டுகள் இரகீம் அயராது உழைத்தார். உலகின் சிறந்த அணிகள் ஆடும் முறைகளை ஆராய்ந்தார். அந்நாளில் இந்திய அணிகள் பின்புறத்தில் இருவரை நிறுத்தி, இடையில் மூவரையும் முன்னணியில் ஐவரையும் நிறுத்தும் பழைய முறையையே பின்பற்றின. எதிரணியார் விரைந்து தாக்கும்பொழுது பின்காவலர் இருவரால் தடுக்க இயலாது போயிற்று. ஆகவே, முன்னணியினருள் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து இடைநிலையில் ஆடச் செய்தும், பின்காவலைப் பெருக்கியும் இரகீம் புதிய அமைப்பை உருவாக்கினார். பின்காவலர் நால்வர், இடைநிலையினர் இருவர், முன்னணியினர் நால்வர் என்னும் அமைப்பைப் பிரேசில் நாடு 1958ஆம் ஆண்டில் உலகக் கோப்பையை வென்று உலகறியச் செய்தது. அத்தகைய முறையை அதற்கு முன்பே இந்திய மண்ணில் பயிற்றுவித்தவர் இரகீம்.

1956ஆம் ஆண்டில் ஆசுதிரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக்குப் போட்டிகள் நடைபெற்றன. இந்தியாவை முதலில் எதிர்க்க வேண்டிய அங்கேரி அணி போட்டிக்கு வரவில்லை. ஆகவே இந்தியா நேரே கால் இறுதிக்குச் சென்றது. அங்கு ஆசுதிரேலிய அணியை அதன் சொந்த மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்களும் கிட்டு எனப்படும் கிருட்டிணசாமி ஒரு கோலும் அடித்தனர். ஒலிம்பிக்கு ஆட்டம் ஒன்றில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் டிசோசாவே ஆவார். ஒலிம்பிக்குக் கால்பந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் சிறப்பும் இந்தியாவுக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிர்த்து நின்றது யார்? எல்சிங்கியில் நம்மைப் பத்துக் கோல்களால் வீழ்த்திய அதே யூகோசுலாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா. பிறகு யூகோசுலாவியர் அடுத்தடுத்துக் கோல்கள் அடித்து நான்குக்கு ஒன்று என வென்றனர். மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. பதக்கம் கிட்டவில்லை. ஆயினும், பத்துக்கு ஒன்று என வீழ்ந்த அணி, நான்கே ஆண்டுகளில் அதே எதிரியை முதலில் திகைக்க வைத்ததென்றால், அவ்விடைவெளியை நிரப்பியது ஆசானின் உழைப்பன்றோ?

உரோமாபுரியும் துலாக்கோலும்

1960ஆம் ஆண்டில் உரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக்குப் போட்டியில் பி. கே. பானர்ஜி இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். சுனி கோசுவாமியும் பலராமும் அவ்வணியில் இருந்தனர். அங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று எனத் தோற்ற இந்தியா, வலிமை வாய்ந்த பிரான்சு அணியை ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்தது. பானர்ஜி அடித்த கோலினால் முந்தி நின்ற இந்தியாவை, ஆட்டம் முடியும் தறுவாயிலேயே பிரான்சு எட்டிப் பிடித்தது. பெரு நாட்டிடம் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றமையால் இந்தியாவால் மேற்செல்ல இயலவில்லை.

அவ்வணியில் இரகீமின் மைந்தர் சையது சாகித் அக்கீமும் இருந்தார். ஆயினும், ஓர் ஆட்டத்திலேனும் களமிறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சென்ற அணியில் அவர் இடம்பெறவும் இல்லை. தந்தை பயிற்றுநர், மைந்தர் ஆட்டக்காரர், எனினும் மகனுக்கென ஒரு தனி வழி திறக்கப்படவில்லை. துலாக்கோலுக்குத் தன்னவர் என்றும் பிறர் என்றும் வேறுபாடு இல்லை. அக்கீம் தந்தையின் புகழ் நிழலில் ஒதுங்கிவிடாமல், வான்படையில் பணியாற்றிப் பன்னாட்டு நடுவராகவும் உயர்ந்தார். 2021ஆம் ஆண்டில் மறைந்தார்.

சகார்த்தா

இரகீமின் வாழ்வில் முடிமணியாக அமைந்தது 1962ஆம் ஆண்டு நிகழ்ச்சி. நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இந்தோனேசியாவின் தலைநகராகிய சகார்த்தாவில் நடைபெற்றன. சுனி கோசுவாமி அணியின் தலைவர். அவ்வணியில் வங்காளத்தவரும், பஞ்சாபியரும், ஐதராபாத்தினரும், மலையாளிகளும் இருந்தனர். தங்கராசு, அருமைநாயகம், எத்திராசு என நம் செவிக்கு இனிய பெயர் கொண்டாரும் இருந்தனர். கோல் காவலராகிய பீட்டர் தங்கராசு, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராசுப் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவர்களை ஒரு குடும்பம் ஆக்கியது ஆசானின் அன்பு.

தொடக்கமே தோல்வியாயிற்று. தென்கொரியா இந்தியாவை இரண்டு கோல்களால் வென்றது. அடுத்து, தாய்லாந்தை நான்குக்கு ஒன்று எனவும், சப்பானை இரண்டுக்குச் சுழி எனவும் இந்தியா வென்றது. ஆயினும் தாய்லாந்து ஆட்டத்தில் பின்காவலர் சர்னயில் சிங்கின் தலையில் கடுங்காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் சப்பான் ஆட்டத்தில் கலந்துகொள்ளவில்லை.

அரையிறுதி நெருங்கியது. காயமுற்றவரை ஒதுக்கிவிடுவதா, பழைய இடத்திலேயே நிறுத்துவதா? இரகீம் எவரும் எதிர்பாராத ஒரு முடிவெடுத்தார். பின்காவலராகிய சர்னயில் சிங்கை முன்னணியில் நடுவே நிறுத்தினார். தலையில் கட்டுடன் களமிறங்கிய அவர், தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தார். இந்தியா மூன்றுக்கு இரண்டு என வென்று இறுதியை எட்டியது.

இறுதி ஆட்டத்தில் எதிரி முன்பு நம்மை வென்ற தென்கொரியாவே. அத்தோடு வேறொரு துன்பமும் சூழ்ந்தது. அப்போட்டிகளில் கலந்துகொள்ளத் தைவானுக்கும் இசுரேலுக்கும் இந்தோனேசிய அரசு நுழைவுரிமை வழங்கவில்லை. அவ்வாறாயின் இதனை ஆசிய விளையாட்டுப் போட்டி எனல் தகாது என்று, ஒலிம்பிக்குக் குழுவைச் சேர்ந்த இந்தியர் ஜி. டி. சோந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். அதனால் சகார்த்தா மக்கள் இந்தியர்மீது சினம் கொண்டனர். இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இறுதி ஆட்டத்தன்று அரங்கில் ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் திரண்டு, இந்தியருக்கு எதிராக ஆரவாரித்தனர்.

ஆசானின் உடலிலோ கொடிய நோய் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆயினும் மலை போன்ற அவர் உறுதி குலையவில்லை. ஆட்டத்திற்கு முந்திய இரவில், பொற்பதக்கம் ஒன்றே தமக்கு அளிக்கத்தக்க பரிசு என்று அவர் தம் மாணாக்கரிடம் கேட்டுக்கொண்டார் என அவ்வணியினர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். காய்ச்சலால் தளர்ந்திருந்த தங்கராசையே கோல் காவலராக நிறுத்தினார். உயரமாக வரும் பந்துகளைப் பற்றுவதற்கு நெடிய உடல் வாய்ந்த தங்கராசே ஏற்றவர் என்பது அவர் கணிப்பு. காயமுற்ற சர்னயில் சிங் மீண்டும் முன்னணியில் நின்றார். நோயுற்றோரையும் காயமுற்றோரையும் நம்பிக் களமிறக்குவது பெருந்துணிவு. அது பிழையாகியிருந்தால் பழி முழுவதும் ஆசான்மீதே விழுந்திருக்கும்.

செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் ஆட்டம் தொடங்கியது. பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடங்களுக்குப்பின் சர்னயில் சிங் இரண்டாம் கோலை அடித்தார். கூச்சல் நிறைந்த அவ்வரங்கில் இந்தியருக்கு ஆதரவாக ஒலித்த குரல் பாக்கித்தான் வளைகோல்பந்து அணியினருடையது என்று நம் ஆட்டக்காரர் பின்னர் நன்றியுடன் கூறியுள்ளனர். பகைமையைக் கடந்த பண்பை விளையாட்டு வளர்க்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆட்டம் முடிய ஐந்து நிமிடங்கள் இருக்கையில் தென்கொரியா ஒரு கோல் அடித்தது. எஞ்சிய நிமிடங்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊழியாய்த் தோன்றின. தங்கராசும் அருண் கோசு முதலிய பின்காவலரும் அரண் போல் நின்று காத்தனர். இரண்டுக்கு ஒன்று என இந்தியா வென்றது. ஆசான் கேட்ட பரிசை மாணாக்கர் அளித்துவிட்டனர்.

மறைவு

சகார்த்தாவிலிருந்து திரும்பிய இரகீமின் உடல்நலம் மேன்மேலும் குன்றியது. அவரைப் பற்றியிருந்தது நுரையீரல் புற்றுநோய். அவர் இடைவிடாது புகைபிடிக்கும் வழக்கம் உடையவராக இருந்தார். பிறர் குறைகளை நுணுகிக் கண்டு நீக்கிய அவரை இவ்வொரு வழக்கம் வென்றுவிட்டது. சான்றோரின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கனவற்றைப் போலத் தள்ளத்தக்கனவற்றையும் நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும். வெற்றி பெற்று ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, 1963ஆம் ஆண்டு சூன் திங்கள் 11ஆம் நாள், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் இரகீம் மறைந்தார்.

அவர் மறைவினால் ஏற்பட்ட இழப்பைக் காலமே காட்டியது. 1960க்குப்பின் இந்தியக் கால்பந்தாட்ட அணி ஒலிம்பிக்குப் போட்டியில் இடம்பெறவில்லை. 1962க்குப்பின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பொற்பதக்கம் பெறவும் இல்லை. ஆசான் ஏற்றிய விளக்கை ஏந்தியவர்களுள் ஒருவர் பி. கே. பானர்ஜி, அவர் கல்கத்தாவின் பெருங்கழகங்களுக்குப் பயிற்றுநராகிப் பல வெற்றிகளைத் தேடித் தந்தார். சுனி கோசுவாமியும் அவரும் 2020ஆம் ஆண்டிலும், பலராம் 2023ஆம் ஆண்டிலும் மறைந்தனர். இரகீமின் வரலாற்றைத் தழுவிய இந்தித் திரைப்படம் ஒன்று 2024ஆம் ஆண்டில் வெளிவந்தது. நெடுங்காலம் மறந்திருந்த பெயரை நாடு மீண்டும் ஒருமுறை நினைத்துப் பார்த்தது.

முடிவுரை

சகார்த்தாவில் பொற்பதக்கங்கள் ஆட்டக்காரரின் கழுத்தை அணிசெய்தன. இரகீம் அன்று பந்தைத் தொடவில்லை. ஆடுகளத்தில் கால் வைக்கவும் இல்லை. ஆயினும், பானர்ஜியின் ஓட்டத்திலும், பலராமின் நுண்மையிலும், தங்கராசின் கைகளிலும், காயத்தைப் பொருட்படுத்தாத சர்னயில் சிங்கின் துணிவிலும் அவரே ஆடினார். தாம் ஆடிப் பெறும் புகழ் தம்மோடு முடியும். பிறரை ஆடவைத்துப் பெறும் வெற்றி பலருடைய வாழ்வில் தொடரும். பள்ளி ஆசிரியராய்த் தொடங்கிய இரகீம் கடைசி நாள் வரை ஆசிரியராகவே வாழ்ந்தார். பொறுமை, உறுதி, நடுவுநிலைமை, அன்பு என்னும் நான்கும் ஒருங்கே அமைந்த அவரைக் கால்பந்தாட்டப் பேராசான் எனப் போற்றுதல் முற்றிலும் பொருந்தும். நம் கால் வலுவுறக் கற்பித்த கைகளை மறவாதிருத்தல் மாணவராகிய நம் கடமையாகும்.